பாலத்தடிப் பூங்காவும் எங்க லேஅவுட் பூட்டும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? இன்னிக்கு வழக்கமான மொக்கை இல்லை, கொஞ்சம் சீரியஸ் மேட்டர். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க லேஅவுட் சங்கக் கூட்டத்துல நான் எங்கப்பாவை எதிர்த்துப் பேசப் போறேன். அதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவை பேசிப் பார்த்துக்கறேன். ஒத்திகைன்னு வச்சுக்கங்களேன் :-)

தாம்பரம் தாண்டி எங்களுக்கு ஒரு வீடு. அப்பா ரிட்டையர் ஆன பணத்துல கட்டினது. 11 ஏக்கர் லேஅவுட், 200 சொச்சம் மனை. நம்ம தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா, ரோடு போக மிச்ச இடத்துல 10 சதவீதத்தைத் திறந்தவெளியா ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாகணும். ஓ.எஸ்.ஆர் நிலம்னு சொல்வாங்க. எங்க லேஅவுட்ல அது ஏறக்குறைய 80 சென்ட். வரைபடத்துல பச்சைக் கலர் அடிச்சு "பூங்கா"ன்னு எழுதியிருக்கும். நேர்ல போய்ப் பார்த்தா சீமைக்கருவேலம், வீடு கட்டினவங்க கொட்டிட்டுப் போன ரப்பிஷ், நடுவுல ஒரு கிரிக்கெட் பிட்ச். அந்த பிட்ச் பக்கத்துல இருக்கற பழைய ஊர்ப் பசங்க போட்டது. நாங்க யாரும் குடி வர்றதுக்கு முன்னாடியே அவங்க அங்க விளையாடிட்டு இருந்தாங்க.

சும்மா சொல்லக் கூடாது, இந்த வருஷம் எங்க ஆளுங்க ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஜேசிபி வரவழைச்சு முள்ளை எடுத்தாங்க. அஞ்சு ஞாயித்துக்கிழமை, 20 வீட்டு ஆளுங்க மண்வெட்டியும் கூடையுமா இறங்கினோம். வேம்பு, புங்கன், நாவல்னு கன்னு வச்சோம். ஓரத்துல ஒரு கூடம் கட்டணும், பெரியவங்க பேப்பர் படிக்கலாம், பசங்களுக்கு சாயந்திரம் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்னு திட்டம் வரைக்கும் வந்தாச்சு. எனக்குக் கையில கொப்புளம், மனசுல சந்தோஷம். பொட்டி தட்டற கைக்கு அது பெரிய விஷயம்ங்க.

அப்புறம் வந்துச்சு வினை. 12 அடியில கேட், பூட்டு, "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை"ன்னு போர்டு. இதுக்கான தீர்மானம்தான் ஞாயித்துக்கிழமை வருது. எங்கப்பா சங்கத்துப் பொருளாளர். கேட்டுக்குக் கொட்டேஷன் வாங்கிட்டு வந்ததே அவர்தான்.

"உழைச்சது நாம. காசு போட்டது நாம. கண்டவன் வந்து கெடுத்துட்டுப் போறதுக்காடா இவ்ளோ கஷ்டப்பட்டோம்?" இது அப்பா.

"வெளியாட்கள்னா யாருப்பா?"ன்னு கேட்டேன். பதில் சொல்லலை. அந்த வார்த்தைக்குள்ள யாரெல்லாம் இருக்காங்கன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், படிக்கற உங்களுக்கும் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது, போன வருஷம் ஆன்சைட் போயிருந்தப்போ பார்த்த ஒரு பூங்கா. இனிமே கொஞ்ச நேரம் கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்கங்க.

கலிபோர்னியாவுல சான் டியாகோ. ஆறு மாச ஆன்சைட். சனிக்கிழமை ஆனா ரூம்ல உக்காந்து சாம்பார் வைக்கறதைத் தவிர வேற வேலை கிடையாது. ஒரு நாள் புளூ லைன் டிராலியில ஏறினேன். அதே வண்டியில கடைசி வரைக்கும் போனா மெக்சிகோ எல்லையே வந்துடும். நான் நடுவுல பேரியோ லோகன்ங்கற ஸ்டேஷன்ல இறங்கிட்டேன். கொஞ்ச தூரம் நடந்தா தலைக்கு மேல ஒரு பிரம்மாண்டமான பாலம். கொரொனாடோ பாலத்துக்கு ஏறிப் போற சாலைகள். அதைத் தாங்கற கான்கிரீட் தூண் ஒவ்வொண்ணுலயும் ஆளுயரத்துக்குப் பல மடங்கு பெரிய ஓவியம். கீழே கள்ளிச்செடி, புல்வெளி, பசங்க விளையாடற இடம், நடுவுல பழைய ஆஸ்டெக் கோயில் மாதிரி ஒரு மேடை. இதுதான் சிக்கானோ பூங்கா. 7 ஏக்கருக்கு மேல இருக்கும், 80க்கும் மேற்பட்ட ஓவியங்கள்.

சிக்கானோன்னா மெக்சிகோ வழி வந்த அமெரிக்கர்கள். மத்தவங்க இளப்பமா சொன்ன பேரை, 1960-கள்ல அவங்களே எடுத்து நெஞ்சுல குத்திக்கிட்டாங்க. லோகன் ஹைட்ஸ்னு சொல்ற அந்தப் பகுதி அவங்களோட பழைய குடியிருப்பு. ஒரு காலத்துல அது கடற்கரை வரைக்கும் இருந்துச்சாம். இரண்டாம் உலகப் போர் சமயத்துல கடற்படைக்குன்னு கரையோரத்தை எடுத்துக்கிட்டாங்க. 1950-கள்ல குடியிருப்புக்கு நடுவுலயே தொழில் நடத்தலாம்னு விதியை மாத்தினாங்க. பழைய இரும்புக் கடையும் ஒர்க்‌ஷாப்பும் வீட்டுக்குப் பக்கத்துல வந்து உக்காந்தது. 1963-ல இன்டர்ஸ்டேட் 5 நெடுஞ்சாலை ஊரை ரெண்டாப் பொளந்துக்கிட்டுப் போச்சு. 1969-ல கொரொனாடோ பாலம் திறந்தாங்க. அதோட தூண்கள் மிச்சம் இருந்த இடத்துலயும் இறங்கினது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர்ந்துச்சு.

இத்தனையும் எடுத்துக்கிட்டதுக்குப் பதிலா ஜனங்க கேட்டது ஒரே ஒரு பூங்கா. பாலத்துக்குக் கீழே சும்மா கிடக்கற இடத்தைக் கேட்டாங்க. நகராட்சியும் சரின்னுடுச்சு. ஆனா வேலை ஒண்ணும் நடக்கலை. நமக்குத் தெரியாத கதையா இது!

1970 ஏப்ரல் 22. மாரியோ சோலிஸ்னு ஒரு காலேஜ் பையன் அந்த வழியாப் போறப்போ புல்டோசர் நிக்கறதைப் பார்க்கறான். ஆஹா, பூங்கா வேலை ஆரம்பிச்சாச்சுன்னு விசாரிச்சா, வரப் போறது நெடுஞ்சாலை ரோந்து போலீஸுக்கான ஸ்டேஷன், அதுக்கு பார்க்கிங். பையன் வீடு வீடா ஓடிச் சேதி சொன்னான், காலேஜ்லயும் போய்ச் சொன்னான். மத்தியானத்துக்குள்ள பள்ளிக்கூடப் பசங்க வகுப்பை விட்டு வெளிய வந்துட்டாங்க. அம்மாமார், பாட்டிமார், சின்னக் குழந்தைங்கன்னு நூத்துக்கணக்குல கூடிட்டாங்க. கை கோத்து புல்டோசரைச் சுத்தி நின்னாங்க.

இதுவரைக்கும் இது ஒரு போராட்டக் கதை. எனக்கு இதுல ஆச்சரியமா பட்டது அடுத்தது. கை கோத்து நிக்காத மிச்சப் பேர் அன்னிக்கே அங்கேயே செடி நட ஆரம்பிச்சுட்டாங்க. பூச்செடி, மரக்கன்னு, கள்ளி. அனுமதி வரட்டும்னு காத்திருக்கலை. 12 நாள் அந்த இடத்தை விட்டு நகரலை. ஒரு பக்கம் அதிகாரிங்களோட பேச்சுவார்த்தை, இன்னொரு பக்கம் மண்வெட்டி வேலை. கடைசியில நகராட்சியும் மாநில அரசும் நிலத்தை மாத்திக்க ஒத்துக்கிட்டாங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு வேற இடம். 1971-ல அதுக்கான சட்டத்துல கையெழுத்து போட்டது யாருன்னு நினைக்கறீங்க? அப்போ கலிபோர்னியா ஆளுநரா இருந்த ரொனால்ட் ரீகன்!

அந்தப் போராட்டத்துல சால்வடோர் டோரஸ்னு ஒரு ஓவியர் இருந்தார், அதே பகுதியில வளர்ந்தவர். ஊரைப் பொளந்த அதே கான்கிரீட் தூண்களை ஓவியமா மாத்திடலாம்ங்கறது அவரோட கனவு. 1973-ல வேலை ஆரம்பிச்சப்போ, தேர்ந்த ஓவியர்கள் மட்டும் வந்து வரையலை. அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் குழந்தைங்களும் பிரஷ்ஷும் ரோலருமா இறங்கிட்டாங்க. முதல்ல ஊரே வண்ணம் அடிச்சது, அப்புறம்தான் ஓவியர்கள் மெருகேத்தினாங்க. அதாவது அங்க வரைஞ்சிருக்கற பூதாகாரமான படத்துக்கு அடியில எங்கேயோ ஒரு சின்னப் பையனோட கை இருக்கு. அந்தப் பையன் பெரியவனானா அந்தத் தூண் மேல யாரையாவது கிறுக்க விடுவானா?

கூடம் கட்டற விஷயத்துக்கு வர்றேன், எங்க லேஅவுட்லயும் அதான் அடுத்த பிளான். அவங்களுக்கு ஒரு கலாச்சார மையமும் வேண்டியிருந்துச்சு. பல்போவா பூங்காவுல ஒரு கட்டடத்தைக் கேட்டாங்க. கிடைச்சது பழைய தண்ணீர்த் தொட்டி! 1971-ல அந்த வட்டத் தொட்டிக்குள்ளயே மையத்தைத் திறந்தாங்க. சென்ட்ரோ குல்தூரல் தே லா ராசான்னு பேர். 1970 அக்டோபர்ல நெய்பர்ஹுட் ஹவுஸ்னு ஒரு பழைய கட்டடத்தைக் கைப்பற்றி அதை இலவச மருத்துவமனை ஆக்கினாங்க. லாரா ரோட்ரிகஸ்னு 60 வயசு தாண்டின பாட்டி அதுல முன்னாடி நின்னவங்கள்ல ஒருத்தர்.

பூங்காவுக்குப் பக்கத்துலயே சொந்தமா ஒரு அருங்காட்சியகமும் மையமும் வர 2022 அக்டோபர் ஆச்சு. 52 வருஷம்ங்க! அதை முன்னெடுத்தவர் ஜோசஃபின் டலமான்டெஸ். 1970-ல மாணவியா அந்த இடத்துல நின்னவங்கள்ல அவரும் ஒருத்தர். 52 வருஷம் ஒருத்தர் ஒரு இடத்தை விடாமப் புடிச்சுக்கிட்டு இருக்காருன்னா, அந்த 12 நாளை விட இதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. கோஷம் போட ஆள் கிடைப்பாங்க. அம்பது வருஷம் மீட்டிங்குக்கு வர்றதுக்குத்தான் ஆள் வேணும்.

நடுவுல எத்தனையோ வந்துச்சு. 1990-கள்ல நிலநடுக்கத்தைத் தாங்கறதுக்காகத் தூண்களை பலப்படுத்தணும்னு நெடுஞ்சாலைத் துறை கிளம்பினாங்க. ஓவியம் போயிடும்னு ஊர் கிளம்புச்சு. கடைசியில ஓவியம் கெடாத மாதிரி வேலையைச் செஞ்சாங்க. 2011-ல பழைய ஓவியங்களுக்கு மறுபடி வண்ணம் பூசற வேலை ஆரம்பிச்சப்போ, 70-கள்ல வரைஞ்சவங்கள்ல பலர் வயசான காலத்துல சாரத்துல ஏறினாங்க. 2016 கடைசியில அமெரிக்காவோட தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க. எந்த அரசாங்கம் அங்க போலீஸ் ஸ்டேஷன் கட்டப் பார்த்துச்சோ, எந்தத் துறை தூணை நட்டுச்சோ, அவங்களே இன்னிக்கு அதைப் பொத்திப் பாதுகாக்கணும்.

ரொம்பப் புகழறேன்னு நினைக்காதீங்க. அங்க சொர்க்கம் ஒண்ணும் இறங்கி வந்துடலை. தலைக்கு மேல வண்டி போற இரைச்சல் ஓயறதே இல்லை, புகையும் அப்படித்தான். 2016 அக்டோபர்ல கீழே ஒரு விழா நடந்துட்டு இருந்தப்போ மேல பாலத்துல இருந்து ஒரு வண்டி விழுந்து நாலு பேர் செத்துப் போனாங்க. பாலத்துக்குக் கீழே வாழறதுன்னா அதான். இன்னொண்ணு, ஓவியம் பார்க்க ஆள் வர ஆரம்பிச்சதும் காபிக் கடை வந்துச்சு, வாடகை ஏறுச்சு. அந்த இடத்தை உருவாக்கினவங்களே அங்க குடியிருக்க முடியுமாங்கற கவலை இப்போ ஓடுது. பூங்கா ஜெயிச்சதாலயே வந்த தலைவலி. அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

நான் போன அன்னிக்கு ஒரு ஏழெட்டு பேர் துடைப்பமும் பையுமா பெருக்கிட்டு இருந்தாங்க. கேமராவைத் தூக்கிக்கிட்டு நின்ன என்னைப் பார்த்து ஒரு அம்மா சிரிச்சாங்க. ஊரு, பேரு ஒண்ணும் கேக்கலை. கையில ஒரு குப்பைப் பையைக் கொடுத்துட்டுப் போயிட்டே இருந்தாங்க. அரை மணி நேரம் பொறுக்கினேன். நான் எந்த வகையில பார்த்தாலும் வெளியாள்தான். பத்து வார்த்தை ஸ்பானிஷ் தெரியாது. ஆனா அந்த அரை மணிக்கு அப்புறம் யாராவது பேப்பர் கப்பைக் கீழே போட்டா எனக்குக் கோவம் வந்துச்சு!

கொசுவத்தி அணைஞ்சாச்சு. இப்போ எங்கப்பாகிட்ட வர்றேன்.

அஞ்சு வருஷம் முன்னாடி, இந்த இடத்தை நாமளே சுத்தம் பண்ணலாம்னு சொன்னப்போ அப்பா சொன்னது: "வரி கட்டறோம்ல? அவன் செய்யட்டும்." இப்போ சொல்றது: "நாம செஞ்சோம். இது நமக்குத்தான்." கேக்க ரெண்டும் எதிரெதிர் மாதிரி இருக்கு. எனக்கென்னவோ ரெண்டும் ஒண்ணுதான்னு படுது. முதல்ல அது அவனோட இடம், அப்புறம் அது நம்ம இடம். எல்லாருக்குமான இடம்னு ஒண்ணு இருக்கறது ரெண்டுலயும் விட்டுப் போச்சு. தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த நிலத்துக்கு ஒரு சங்கம் பூட்டு போட முடியுமான்னு சட்டமும் இருக்கு. ஆனா நான் கூட்டத்துல சட்டம் பேசப் போறதில்லை. சட்டம் பேசினா தீர்மானம் தோத்துப் போகும், மனசு மாறாது.

நான் பேசப் போறது பராமரிப்பைப் பத்தி. முன்னாடி வேலை பார்த்த கம்பெனியில வருஷா வருஷம் மரம் நடுவோம். ஆளுக்கொரு டீ-சர்ட், ஒரு தொப்பி, பஸ்ஸு, பிரியாணி, குரூப் போட்டோ. 300 கன்னு வச்சோம் ஒரு தடவை. ஆறு மாசம் கழிச்சு அந்த வழியாப் போனேன். குழி இருந்துச்சு. ஏன்னா எங்கள்ல ஒருத்தருக்கும் மறுநாள் அந்த இடத்துல வேலை கிடையாது.

எங்க 80 சென்ட்ல தினம் தினம் வேலை இருக்கற ஆளுங்க யாரு? 20 வீட்டுக்காரங்க நாங்க ஞாயித்துக்கிழமை வருவோம். அதுவும் மேட்ச் இல்லாத ஞாயிறு :-) தினம் சாயந்திரம் நாலரை மணிக்கு டான்னு வந்து நிக்கறது அந்தப் பழைய ஊர்ப் பசங்கதான். போன மாசம் ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தவன் ஓரமா நின்னு அவங்க ஆட்டத்தைப் பார்த்தேன். ஒருத்தன் தூக்கி அடிச்சான், பந்து போய் நாங்க வச்ச வேப்பங்கன்னு மேல பட்டுச்சு. எல்லாரும் "அவுட்டு அவுட்டு"ன்னு கத்தறாங்க. அவன் பேட்டைப் போட்டுட்டு முணுமுணுத்துக்கிட்டே நடந்து போறான். என்னடான்னு விசாரிச்சா, "கன்னுல பட்டா அவுட்டுண்ணா. நாங்க வச்ச ரூல்"ங்கறான். அந்தப் பக்கம் இருக்கற அஞ்சாறு கன்னைச் சுத்தி மூங்கில் பத்தை வேற நட்டு வச்சிருக்கானுங்க. நாங்க யாரும் சொல்லலை. எங்க வாட்ஸப் குரூப்புல இது யாருக்கும் தெரியவும் தெரியாது.

இவங்களை வெளிய நிறுத்தறதுக்குத்தான் 12 அடி கேட்டு.

பூட்டு இல்லேன்னா ராத்திரி பாட்டில் வராதான்னு அப்பா கேப்பார். வரும். நியாயமான கேள்வி. ஆனா பாட்டில் கொண்டு வர்றவன் ஏறி குதிச்சு வருவான், கேட்டு அவனைத் தடுக்காது. தடுக்கப் போறது பத்து வயசுப் பையனையும், நடக்க வர்ற பக்கத்து ஊர் ஆயாவையும்தான். பாட்டிலுக்கு மருந்து வெளிச்சமும் ஆள் நடமாட்டமும். அதனால நான் வைக்கப் போற மாற்றுத் தீர்மானம் இதுதான்: கேட்டுக்கு வச்ச காசுல ரெண்டு விளக்கும் ஒரு தண்ணிக் குழாயும் போடுவோம். நிலம் உள்ளாட்சியோடது, அதனால மின் இணைப்பையும் தண்ணியையும் அவங்ககிட்ட எழுத்துல கேப்போம், விடாமக் கேப்போம். பூங்காக் குழுவுல பழைய ஊர்ல இருந்து மூணு பேர், அதுல ஒருத்தன் அந்த கிரிக்கெட் டீம் கேப்டன். பிட்ச் இருக்கற இடம் பிட்ச்சாவே இருக்கட்டும். கூடம் கட்டினா சுவத்துக்கு வண்ணம் அடிக்க ரெண்டு ஊர்க் குழந்தைங்களையும் கூப்பிடுவோம். கன்னாபின்னான்னுதான் அடிப்பாங்க. அடிக்கட்டும், அப்புறம் யாராவது மெருகேத்திக்கலாம்.

உழைச்சவனுக்கு உரிமை உண்டுன்னு அப்பா சொல்றதை நான் மறுக்கலை. என்னோட கொப்புளமும் அதுல இருக்கு. நான் கேக்கறது, அந்த உரிமை இன்னொருத்தனைக் கூப்பிடற உரிமையா இருக்கணுமா, துரத்தற உரிமையா இருக்கணுமான்னுதான். சான் டியாகோவுல அந்த ஜனங்களுக்குக் கடற்கரைக்குப் போற வழியை ஒரு தடவை வேலி போட்டு அடைச்சாங்க. அந்த வலி தெரிஞ்சதாலயோ என்னவோ, அவங்க உருவாக்கின இடத்துல கேமராவோட வந்த ஒரு தமிழ்நாட்டுப் பொட்டிதட்டிக்கும் குப்பைப் பை கிடைச்சது.

நேத்து ராத்திரி சாப்பிடறப்போ அப்பாகிட்ட அந்த "கன்னுல பட்டா அவுட்டு" கதையைச் சொன்னேன். ஒண்ணும் சொல்லலை. மோர் ஊத்திக்கிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "எந்தக் கன்னுடா?"ன்னார். தென்கிழக்கு மூலை வேம்புன்னேன். அது அவர் கையால வச்சது.

ஞாயித்துக்கிழமை ஓட்டெடுப்பு. எனக்கு இதுவரைக்கும் உறுதியா ஆறு ஓட்டு. அப்பா ஓட்டு எந்தப் பக்கம்னு இன்னும் தெரியலை. ஜெயிச்சாலும் தோத்தாலும் வந்து சொல்றேன்.

டிஸ்கி: உங்க தெருவுலயும் இப்படி ஒரு "பூங்கா" வரைபடத்துல மட்டும் இருக்கும், போய்ப் பாருங்க. பூட்டு இல்லாம ஒரு இடத்தைப் பார்த்துக்கிட்ட அனுபவம் யாருக்காவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. சனிக்கிழமை ராத்திரிக்குள்ள சொன்னா கூட்டத்துல எடுத்து விட்டுருவேன் :-)